ஆப்ஷன் 13: பிடிக்க முடியாத ஒன்றைத் தடை செய்தால் என்ன ஆகும்?

ஃபார்முலா 1 பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் '1994' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். பத்து நிமிஷத்தில் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். மைக்கேல் ஷூமாக்கர் தன் முதல் சாம்பியன் பட்டத்தைத் திருட்டு சாஃப்ட்வேரை வைத்து வாங்கினார் என்பது ஒரு கட்சி. எல்லாம் வயிற்றெரிச்சலில் கட்டிய கதை, ஆதாரம் எங்கே என்பது இன்னொரு கட்சி. நான் வெவ்வேறு வயதில் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன்.

கொஞ்ச நாளாக அந்த விவகாரத்தை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது ஷூமாக்கர் மேலோ அவருடைய பெனட்டன் அணி மேலோ இல்லை. விதியை எழுதியவர்கள் மேல். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

அந்தக் காலத்து ஃபார்முலா 1 கார், டிரைவரையும் சேர்த்து அறுநூறு கிலோ வராது. இன்ஜினோ எழுநூறு குதிரைத்திறனுக்கு மேல். அந்தச் சக்தி முழுவதும் பின்சக்கரம் இரண்டுக்கும்தான் போகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் சக்கரம் பிடிப்பை விட்டுச் சும்மா சுழலும், காரின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிடும். எவ்வளவு மிதிக்கலாம் என்று வலது காலுக்குத் தெரிந்திருப்பதுதான் நல்ல டிரைவருக்கும் மகா டிரைவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு. டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்பது அந்த வேலையைக் காலிடமிருந்து வாங்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது. முன்சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது, பின்சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று பார்க்கும். பின்னது வேகமாக ஓடினால் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே ஒன்றிரண்டு சிலிண்டருக்குத் தீப்பொறி போகாமல் நிறுத்தும். பிடிப்பு வந்ததும் விட்டுவிடும். லாஞ்ச் கண்ட்ரோல் இதற்குத் தம்பி. பச்சை விளக்கு எரியும் நேரத்தில் கிளட்சையும் இன்ஜினையும் பார்த்துக்கொண்டு வழுக்காமல் காரைக் கிளப்பிவிடும்.

இப்போது சிக்கல். எந்த ரேஸ் இன்ஜினிலும் ரெவ் லிமிட்டர் ஒன்று இருக்கும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றி உடைந்துவிடாமல் இருக்க, ஒரு எல்லைக்கு மேல் போனால் தீப்பொறியை நிறுத்துவது அதன் வேலை. அது இல்லாமல் யாரும் ஓட்ட முடியாது, அதனால் சட்டப்படி சரி. ஆனால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் செய்வதும் அதே காரியம்தானே? தீப்பொறியை நிறுத்துகிறது. எப்போது நிறுத்துகிறது என்பது மட்டும்தான் வேறு. இதற்குச் சக்கரத்தில் சென்சார் கூடத் தேவையில்லை. இரண்டாவது கியரில் இருக்கும் கார் ஒரு நொடிக்கு இவ்வளவுதான் வேகம் எடுக்க முடியும் என்பது முன்பே தெரியும். இன்ஜின் சுற்று அதைவிட வேகமாக ஏறினால் சக்கரம் வழுக்குகிறது. இன்ஜின் சுற்றை அளக்கும் சென்சாரை யாராலும் தடை செய்ய முடியாது, அது இல்லாமல் இன்ஜினே ஓடாது. ஆகவே காரைக் கழற்றி மேஜைமேல் பரப்பி வைத்தாலும் குற்றம் என்று விரல் நீட்ட ஒரு பொருள் கிடைக்காது. நிரலைத் திறந்து பார்த்தாலும் ஒரு அட்டவணையும் சில எண்களும்தான் இருக்கும். இந்த எண் இன்ஜினைக் காப்பாற்றவா, டிரைவரைக் காப்பாற்றவா? எழுதியவனைத்தான் கேட்க வேண்டும்.

அதாவது தடை செய்யப்பட்டது ஒரு பொருள் இல்லை. ஒரு நோக்கம். நோக்கத்தை எந்தப் பரிசோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பது?

தடை வந்த கதையே விநோதம்தான். 1992-ல் நைஜல் மான்செல் ஓட்டிய வில்லியம்ஸ் காரில் சஸ்பென்ஷனைக் கம்ப்யூட்டர் இயக்கியது. அந்த ஆண்டின் 16 ரேஸில் 9-ஐ அவரே ஜெயித்தார். அடுத்த ஆண்டு அலேன் புரோஸ்ட் ஓட்டிய வில்லியம்ஸில் அதோடு டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஏ.பி.எஸ் பிரேக் எல்லாம் இருந்தன. பணக்கார அணிக்கும் ஏழை அணிக்கும் இடைவெளி கூடியது, டிரைவருக்கு வேலை குறைந்தது என்ற புகார்கள் வந்தன. நியாயமான புகார்கள்தான். 1993 ஜூனில் மாண்ட்ரியாலில் எஃப்.ஐ.ஏ அதிகாரிகள் ஒரு அறிக்கை கொடுத்தார்கள்: களத்தில் இருக்கும் கார்களில் லோலா கார்களைத் தவிர மற்ற எல்லாமே விதிமீறல். எல்லாருமே குற்றவாளி! ஆனால் தண்டனை யாருக்கும் இல்லை, ரேஸ் வழக்கம்போல நடந்தது. அப்புறம் பேரம் பேசி, 1994 முதல் இதெல்லாம் கூடாது என்று முடிவானது.

முடிவு எடுத்தவர்கள், 1994-ல் இதை எப்படிச் சோதிப்பது என்று அதே அளவுக்கு யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. அணிகள் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டர், சொந்த சாஃப்ட்வேரோடுதான் வந்தன. 93-ல் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எழுதிய அதே ஆட்கள், அதே பெட்டி, அதே நிரல். 'அந்தப் பகுதியை இனிமேல் ஓட விடாதீர்கள்' என்று மட்டும் சொல்லியாயிற்று.

சீசன் தொடங்கி இரண்டாவது ரேஸிலேயே ஆரம்பித்துவிட்டது. ஜப்பானில் ஐடா என்ற இடம். ஃபெராரிக்கு மாற்று டிரைவராக வந்திருந்த நிக்கோலா லாரினி, பயிற்சியில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உபயோகித்ததாகப் பத்திரிகைக்காரர்களிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பாவம், உண்மை பேசிவிட்டார். அணி அவசர அவசரமாக மறுத்தது. இன்ஜின் சக்தியை மட்டுப்படுத்த ஏதோ ஒரு ஏற்பாடு இருந்தது என்பது வெளியே வந்தது. இனி உபயோகிக்காதீர்கள் என்று எஃப்.ஐ.ஏ சொன்னது, அத்தோடு சரி. அதே ரேஸில் முதல் வளைவிலேயே மோதி வெளியேறிய அயர்ட்டன் சென்னா, உடனே அறைக்குத் திரும்பாமல் பாதையோரம் நின்று மற்ற கார்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷூமாக்கரின் பெனட்டன் வளைவிலிருந்து வெளியே வரும் சத்தம் அவருக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கார் சட்டப்படி இல்லை என்ற சந்தேகத்தோடுதான் அவர் அடுத்த ரேஸுக்கு, இமோலாவுக்குப் போனார். 1994 மே 1. அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

இந்த விவாதத்தில் எப்போதும் ஒரு கசப்பு இருப்பதற்குக் காரணம் அதுதான். கடைசிச் சந்தேகம் ஒரு செத்துப்போன மனிதனுடையது. அதைப் பொய் என்று சொன்னால் அவரை அவமதித்தது போல இருக்கிறது, மெய் என்று சொன்னால் இன்னொருவரின் வாழ்நாள் சாதனையைத் திருட்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இமோலாவில் முதல் மூன்று இடம் பிடித்த கார்களின் கம்ப்யூட்டர்களை எஃப்.ஐ.ஏ எடுத்துக்கொண்டது: ஷூமாக்கரின் பெனட்டன், லாரினியின் ஃபெராரி, மிக்கா ஹக்கினனின் மெக்லாரன். ஆராயும் வேலை லிவர்பூலைச் சேர்ந்த எல்.டி.ஆர்.ஏ என்ற நிறுவனத்துக்குப் போனது. மூல நிரலைக் கொடுங்கள் என்று கேட்டபோது பெனட்டனும் மெக்லாரனும் உடனே கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம்.

பெனட்டன் பெட்டியைத் திறந்து பார்த்ததில் கிடைத்ததுதான் பிரபலமான ஆப்ஷன் 13. லேப்டாப்பை இணைத்தால் திரையில் பத்து வரி கொண்ட ஒரு மெனு வருகிறது. பத்தாவது வரிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆனால் கர்சரை இன்னும் கீழே நகர்த்திக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத பதின்மூன்றாவது இடத்தில் லாஞ்ச் கண்ட்ரோல் இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால் டிரைவர் கியர் துடுப்புகளையும் கிளட்சையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்த வேண்டும். அப்புறம் கார் தானே கிளம்பும்.

பெனட்டன் சொன்ன பதில்: அது சோதனை ஓட்டங்களுக்காக வைத்திருந்தது. நிரலிலிருந்து பிய்த்து எடுத்தால் வேறு எங்கே என்ன உடையும் என்று தெரியாது, அதனால் விட்டுவைத்தோம். தவறிப்போய் யாரும் முடுக்கிவிடக் கூடாது என்றுதான் மறைத்தோம்.

இந்தப் பதிலைக் கேட்டு ரசிகர்கள் முப்பது வருஷமாகச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நான் அதே வேலையைச் செய்திருக்கிறேன். ரேஸ் காருக்கு இல்லை, தண்ணீர் மோட்டாருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பலகைக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் பட்டனை ஒரு வரிசையில் அழுத்தினால் மட்டும் வரும் ஒரு மறைவு மெனு உண்டு. பாதுகாப்பு எல்லைகளை எல்லாம் தளர்த்தி மோட்டாரை ஓட்டிப் பார்க்க நாங்களே வைத்துக்கொண்டது. விற்பனைக்குப் போகும்போது அதை எடுத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். எடுத்தோமா? இல்லை. எடுத்தால் முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், கெடுவுக்கு இன்னும் நாலு நாள்தான். மறைத்துவிட்டு அனுப்பினோம். யாரையும் ஏமாற்றுவது எங்கள் நோக்கம் இல்லை. ஆனால் அந்தப் பலகையை வெளியாள் ஒருவர் திறந்து பார்த்து, 'உங்கள் நோக்கம் நல்லது என்று நிரூபியுங்கள்' என்று கேட்டிருந்தால் எங்களிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே 'விட்டுவைத்தோம்' என்பதை நான் அப்படியே நம்புகிறேன். 'மறைத்தோம்' என்பதையும் பாதி நம்புகிறேன். எனக்கு இடிக்கிற இடம் வேறு. நிரலை மறுபடி தொகுத்தால்தான் அதை முடுக்க முடியும் என்பது அணியின் வாதம். ஒரு லேப்டாப் போதும் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். தன் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு அணி இவ்வளவு தவறாகச் சொல்லுமா? சொல்லலாம். அவசரத்தில் தவறு செய்யலாம். பொய்யும் சொல்லலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட அந்தப் பெட்டிக்குள் எதுவும் இல்லை.

எஃப்.ஐ.ஏ கடைசியில் சொன்னது, இமோலாவில் அது உபயோகிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான். மெக்லாரனின் பெட்டியில் கியரைத் தானே மேலே மாற்றும் ஏற்பாடு இருந்தது, அதற்கும் தண்டனை இல்லை. இந்த வாக்கியத்தை இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டியபடி படிக்கிறார்கள். நான் படிப்பது வேறு மாதிரி. இமோலா ஒரு ரேஸ். ஐடாவுக்கு என்ன பதில்? ஜூலையில் பிரான்ஸில் மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பி, முன்னால் நின்ற இரண்டு வில்லியம்ஸையும் முதல் வளைவுக்குள் தாண்டினாரே, அதற்கு? ஒரு ரேஸின் கம்ப்யூட்டரை எடுத்து, இரண்டு மாதத்துக்கு மேல் ஆராய்ந்து, அந்த ஒரு ரேஸைப் பற்றி மட்டும் 'தெரியவில்லை' என்று சொல்ல முடிந்தது. அந்த ஆண்டு பட்டம் முடிவானது ஒரே ஒரு புள்ளியில்: ஷூமாக்கர் 92, டேமன் ஹில் 91. ஹில்லிடம் இன்றைக்குப் போய் 'ஆதாரம் இல்லை' என்று சொன்னால் என்ன ஆறுதல்? அதே நேரம், ஷூமாக்கர் ஒன்றுமே செய்யாதவராக இருந்தால்? அந்த வருஷம் மிக மேலான ஓட்டத்தை ஓட்டிவிட்டு, அதைத் தன் காலால்தான் ஓட்டினேன் என்று நிரூபிக்க வழியே இல்லாத நிலையில் அவரை வைத்தது யார்?

தடை நேர்மையைக் கொண்டுவரும் என்றுதான் நினைத்தார்கள். வந்தது சந்தேகம். நேர்மையாக ஓடியவனும் திருடினவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும்படி ஒரு விதியை எழுதினால் வேறு என்ன வரும்?

இதே விளையாட்டில் இயந்திர ஏமாற்றை எவ்வளவு சுலபமாகப் பிடிக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் 1997. டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர் ஆஸ்திரியாவில் எடுத்த படங்களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்: மெக்லாரன் கார் வேகமெடுக்க வேண்டிய இடத்தில் பின்பிரேக் சிவந்து எரிகிறது. கொஞ்ச நாள் கழித்து நூர்பர்க்ரிங்கில் கார் பழுதாகி ஓரத்தில் நின்றபோது, காலியான காக்பிட்டுக்குள் கேமராவை நுழைத்துப் படம் எடுத்தார். உள்ளே ஒரு கூடுதல் பிரேக் பெடல்! ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்துக் காரைத் திருப்ப உதவுவது. அணி அதை முன்பே அதிகாரிகளிடம் காட்டி அனுமதி வாங்கியிருந்தது, அதனால் திருட்டு என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு போட்டி அணிகள் முறையிட்டு நிறுத்தினார்கள். நான் சொல்ல வருவது, ஒரே ஒரு புகைப்படத்தில் விஷயம் முடிந்துவிட்டது. மென்பொருளை அப்படி எந்தக் கேமராவால் படம் எடுப்பது?

2001-ல் எஃப்.ஐ.ஏ கையைத் தூக்கிவிட்டது. கண்காணிக்க முடியவில்லை, எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏப்ரல் 29 ஸ்பெயின் ரேஸிலிருந்து டிராக்‌ஷன் கண்ட்ரோல், லாஞ்ச் கண்ட்ரோல், தானியங்கி கியர் எல்லாவற்றையும் அனுமதித்தார்கள். இதைத் தோல்வி என்று பலர் எழுதினார்கள். என் கணக்கில் ஏழு வருஷத்தில் அவர்கள் செய்த முதல் நேர்மையான காரியம் அது. வந்த முதல் நாளே டேவிட் கூல்தார்டின் மெக்லாரன் நின்றுபோய் அவர் கடைசியிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த ரேஸில், ஆஸ்திரியாவில், விளக்கு மாறியபோது நாலு கார்கள் இருந்த இடத்திலேயே நின்றன. கம்ப்யூட்டர் கிளப்பும் என்று காத்திருந்த டிரைவர்கள்! (இதைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா, 'நம்ம ஊர் பஸ் மாதிரி தள்ளிவிட ஆள் வேணும் போல' என்றார்.)

இந்தக் காலகட்டத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் உள்ளே வருகிறார். 2005-ல் ஜோர்டான் அணியில் அவர் ஓட்டியபோது டிராக்‌ஷன் கண்ட்ரோல் சட்டப்படி உண்டு. 2011-ல் ஹிஸ்பானியா அணியில் திரும்பி வந்தபோது அது கிடையாது. ஒரே விளையாட்டின் பெயரில் இரண்டு வேறு வேலைகளைச் செய்தவர். அவரை இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாராவது உட்கார வைத்து நிதானமாகப் பேட்டி எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

2008-ல் நடந்ததுதான் உண்மையான மாற்றம். தடையை மறுபடி கொண்டுவந்தார்கள், ஆனால் இந்த முறை சோதிப்பதைப் பற்றியே கவலைப்படவில்லை. பெட்டியையே பறித்துக்கொண்டார்கள். எல்லா அணிக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே அடிப்படை நிரல். எண்களை மாற்றலாம், நிரலைத் தொட முடியாது. திருடனைப் பிடிப்பதை விட்டுவிட்டு, எல்லார் வீட்டுப் பூட்டையும் ஒரே கொல்லனிடம் வாங்கச் சொன்ன மாதிரி.

அந்தக் கொல்லன் யார் என்பதில்தான் வேடிக்கை. மெக்லாரன் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ், மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து. 1994-ல் நிரலைத் தராமல் அபராதம் கட்டிய அதே மெக்லாரனின் சகோதர நிறுவனம். அதுவும் எப்போது? முந்தைய ஆண்டுதான் ஃபெராரியின் ரகசிய ஆவணங்களை வைத்திருந்த வழக்கில் மெக்லாரனுக்குப் பத்துக் கோடி டாலர் அபராதம் விழுந்திருந்தது. அப்படிப்பட்ட குழுமத்திலிருந்து வரும் பெட்டியை ஃபெராரி தன் காருக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான். ஆனாலும் மாட்டிக்கொண்டார்கள், அந்த ஆண்டு அணிகளுக்கான பட்டத்தையும் ஃபெராரியே ஜெயித்தது.

தடை இந்த முறை வேலை செய்தது என்பதற்கு எனக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. 2008 ஜூலை 6, சில்வர்ஸ்டோன், கொட்டும் மழை. ஃபெராரியின் ஃபிலிப்பி மாசா அந்த ஒரு ரேஸில் ஐந்து தடவை சுழன்றார், ஓடி முடித்தவர்களில் கடைசியாக வந்தார். அதே மழையில் லூயிஸ் ஹாமில்டன் அறுபத்தெட்டு விநாடி இடைவெளியில் ஜெயித்தார். கால் யாருடையது என்று டிவியில் பார்த்தாலே தெரிந்தது. மாசா அந்த வருஷப் பட்டத்தை ஹாமில்டனிடம் இழந்தது ஒரு புள்ளியில். 94 மாதிரியே ஒரு புள்ளி. ஆனால் மழையில் ஹாமில்டனின் காருக்குக் கம்ப்யூட்டர் உதவியது என்று சொல்லி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

நோக்கம் சம்பந்தப்பட்ட பழைய தலைவலி முழுவதும் போய்விடவில்லை. நிரலைத் தொட முடியாது, எண்களைத் தொடலாம் அல்லவா? 2012-ல் ஜெர்மனியில் ரெட் புல் கார்களின் இன்ஜின் நடுத்தரச் சுற்றில் முன்பைவிடக் குறைவான இழுவை தருகிறது என்று எஃப்.ஐ.ஏ அதிகாரி ஜோ பாயர் ரேஸ் காலையில் புகார் எழுதினார். வேண்டுமென்றே சக்தியைக் குறைப்பானேன்? சக்கரம் வழுக்குவது குறையும், வெளியேறும் புகையும் காரைத் தரையோடு அழுத்த உதவும். நடுவர்கள், அணியின் எல்லா வாதத்தையும் ஏற்கவில்லை, ஆனால் விதியின் எழுத்துப்படி தவறில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அடுத்த ரேஸுக்குள் விதிக்கு விளக்கம் மாற்றி எழுதப்பட்டது. இதை அப்போது பலர் கேவலம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அதிகாரி, வரைபடத்தைப் பார்த்து, முந்தைய ரேஸ்களின் எண்ணோடு ஒப்பிட்டு, ரேஸுக்கு முன்பே கேள்வி கேட்க முடிந்தது. 1994-ல் இது கனவு.

அடுத்த வருஷம் இன்னும் சுவாரசியம். 2013 சிங்கப்பூர். செபாஸ்டியன் வெட்டல் முப்பது விநாடிக்கு மேல் இடைவெளியில் ஜெயிக்கிறார். பாதையோரம் உட்கார்ந்து பார்த்த ஜியான்கார்லோ மினார்டி (பல வருஷம் சொந்தமாக அணி நடத்தியவர்) வெட்டலின் இன்ஜின் மட்டும் வளைவில் விட்டுவிட்டு இரும்புவது போல ஒலிக்கிறது, மற்றவர்களைவிட முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார் என்று எழுதினார். பத்தொன்பது வருஷம் கழித்து, மறுபடியும் அனுபவசாலி ஒருவர் ஓரமாக நின்று காதால் கேட்கிறார். சென்னா கேட்ட அதே சத்தம், அதே சந்தேகம்.

ஆனால் இந்தச் சந்தேகம் சில வாரத்தில் அடங்கிவிட்டது. வெட்டலைப் பிடிக்காதவர்கள் ஏராளம், மேடையில் நின்றவரைப் பார்த்துக் கூச்சல் போட்ட காலம் அது. இருந்தும் 2013 பட்டம் திருட்டு என்று இன்று யாரும் சொல்வதில்லை. வெட்டல் ஷூமாக்கரைவிட யோக்கியர் என்பதாலா? இல்லை. சந்தேகம் வந்தால் போய்த் திறந்து பார்க்க ஒரு பெட்டி இருந்தது, அது அணியுடையது இல்லை, அவ்வளவுதான். ஒரே குற்றச்சாட்டு, ஒரே மாதிரி ஆதாரம். ஒன்று முப்பது வருஷம் உயிரோடு இருக்கிறது, இன்னொன்று ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. 1994-ல் என்ன தவறு நடந்தது என்று என்னைக் கேட்டால், ஆப்ஷன் 13-ஐ விட இந்த வித்தியாசத்தைத்தான் காட்டுவேன்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் ஒரே பெட்டி என்றால், அந்தப் பெட்டிக்குள் எதையும் கண்டுபிடிக்க யாருக்கும் வேலை இல்லை. 1992 வில்லியம்ஸ் மாதிரி ஒரு கார் இனி வராது. நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. சந்தேகமில்லாத ஒரு ரேஸா, கண்டுபிடிப்பு நிறைந்த ஒரு ரேஸா என்றால் நான் முதலாவதைத்தான் கேட்பேன், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே கேட்பேன்.

இன்னொரு எதிர்வாதமும் வரும்: டிரைவர் தனியாக, யார் உதவியும் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதே ஒரு கற்பனைதானே? உண்மைதான். 2016-ல் எஃப்.ஐ.ஏ அதே வாக்கியத்தைக் காட்டி ரேடியோவில் டிரைவருக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தடை செய்தது. சில்வர்ஸ்டோனில் நிக்கோ ராஸ்பெர்க்கின் கியர் பெட்டி மக்கர் செய்தபோது ஏழாவது கியரைத் தவிர்க்கச் சொன்ன பாவத்துக்குப் பத்து விநாடி தண்டனை, இரண்டாவது இடம் போய் மூன்றாவது. அந்த மாதம் முடிவதற்குள் தடையை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ரேடியோ பேச்சைக் கண்காணிப்பது மிகச் சுலபம், எல்லாம் பதிவாகிறது. பிடிக்க முடிந்த உதவியைத் தடை செய்து பார்த்தார்கள், அது யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லாரும் வெறுத்த உதவியை மட்டும் பதினான்கு வருஷம் பிடிக்க முடியாமல் இருந்தார்கள்.

மோட்டோஜிபி பைக்குகளின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறது. அங்கே டிராக்‌ஷன் கண்ட்ரோலைத் தடை செய்யவே இல்லை. 2016-ல் எல்லாருக்கும் ஒரே மென்பொருள் கொடுத்தார்கள். அப்புறம் பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லும் சென்சார் மேல் சந்தேகம் வந்து, 2019-ல் அதையும் பொதுவாக்கினார்கள். பெட்டியைப் பறித்தால் பெட்டிக்குள் போகும் தகவலில் கை வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றும் அல்லவா. அதைப் பற்றிக் குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன், தனியாக எழுதுகிறேன்.